கொழும்பிலிருந்து ஒரு நாள் கடல்: கல்கிசையா, பெந்தோட்டையா, காலியா?

வீட்டிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிடம். இதை வைத்துக்கொண்டு, விமான டிக்கெட் போட்டு, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, இன்னொரு நாட்டில் போய்க் கடலைப் பார்க்க வேண்டுமா என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன.

ஒன்று, நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அதிலிருந்து எழும்பும், ஆனால் அதில் விழாது. சென்னையில் அஸ்தமனம் என்றால் ஏதோ ஓர் அடுக்குமாடிக்குப் பின்னால்தான். சூரியன் தண்ணீருக்குள் இறங்குவதை நான் கன்னியாகுமரியில் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன், அன்றைக்கு மேகம். இரண்டு, நாம் கடலுக்குப் போகிறோமே தவிரக் கடலுக்குள் போவதில்லை. மெரினாவில் குளிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது, மீறினால் போலீஸ் விசில் இருக்கிறது, அதையும் மீறினால் அலை இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சுண்டல், மாங்காய், காற்று. சுடிதாரை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று அலைக்கு நின்றுவிட்டு, மணலை உதறிக்கொண்டு திரும்பி விடுவோம்.

சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிடும். வாரக் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆன நாட்கள் உண்டு. போன தடவை நாங்கள் போனபோது ஒரு வேன் பிடித்து, ‘தென் கடற்கரை ஒரு நாள்’ என்று ஒரு சுற்று போனோம். ஆமைப் பண்ணை, முகமூடிக் கடை, நிலாக்கல் சுரங்கம், மூலிகைத் தோட்டம் (வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு எண்ணெய்ப் பாட்டில் கையில் இருந்தது), காலிக் கோட்டை, கடைசியில் கடல். கடலுக்குக் கிடைத்தது 25 நிமிடம். அதிலும் பத்து நிமிடம் செருப்பை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் போனது.

இந்தத் தடவை பிப்ரவரியில் நான்கு இரவு கொழும்பு. கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேர், மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். ஒருவனுக்குத்தான் உருப்படியாக நீச்சல் தெரியும். ஒருத்திக்கு முழங்கால் வலி. ஒருவன் முட்டைகூடச் சாப்பிடாதவன். ஒருத்தி எங்கே போனாலும் வரலாறு கேட்பாள். நான் சும்மா உட்கார வேண்டும் என்று அடம்பிடிக்கிறவள். ஒரு முழு நாள் கடலுக்கு என்று ஒதுக்கியாயிற்று. எங்கே போவது என்பதில்தான் இரண்டு வாரமாகக் குரூப்பில் சண்டை. அந்தச் சண்டைக்காக நான் தேடிப் படித்ததும், போன தடவை பட்டதும் சேர்ந்ததுதான் இது.

எந்தக் கடற்கரை அழகு என்று கேட்டால் பதில் வராது. போட்டோவில் எல்லாமே அழகு. நான் ஒரே ஒரு கணக்கு போட்டேன்: காலை ஏழு மணிக்கு அறையை விட்டுக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பினால் 14 மணி நேரம். அதில் பயணம், காத்திருப்பு, சாப்பாட்டுக்கு அலைவது எல்லாம் போக, எதுவுமே செய்யாமல் தண்ணீர் ஓரம் உட்காரக் கிடைப்பது எத்தனை மணி? இந்தக் கணக்கைப் போட்டதும் பாதிச் சண்டை அடங்கிவிட்டது.

ஆனால் அதற்கும் முன்னால் காலண்டர். சென்னையில் நாம் வெளியூர்ப் பயணம் போடுவதே மே மாதத்தில்தான். பள்ளி விடுமுறை, அக்னி நட்சத்திரம், ஓடிப் போகலாம் என்று தோன்றும். இலங்கையின் மேற்கு, தெற்குக் கடற்கரைகளுக்கு அதைவிட மோசமான மாதத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. மே தொடங்கி செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தில்தான் மோதும். கடல் கலங்கிப் புரளும், கரையில் சிவப்புக் கொடி பறக்கும். நமக்கு மழை என்றாலே அக்டோபர், நவம்பர் என்று பழகிப்போனதால் இது உறைக்காது. டிசம்பர் முதல் ஏப்ரல்வரை அதே கடல் வேறு மாதிரி அடங்கிக் கிடக்கும். மே மாதமோ ஜூலையோதான் லீவு கிடைக்கும் என்றால், நிலாவெளி, பாசிக்குடா என்று கிழக்குக் கரைக்குப் போக வேண்டும். அது கொழும்பிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்புகிற தூரம் இல்லை, தங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு காலண்டரும் இருக்கிறது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் ‘போயா’, அரசு விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. எங்கள் கூட்டத்தில் அது ஒருவனுக்கு மட்டுமே பிரச்சினை. மற்றவர்களுக்குப் பிரச்சினை கூட்டம்தான்: ஊரே குடும்பத்தோடு ரயில் ஏறிவிடும். பிப்ரவரிப் போயாவை ஒட்டிக் கொழும்பில் கங்காராமய விகாரையின் நவம் பெரஹெரா ஊர்வலம் நடக்கும், யானைகளோடு. அந்தச் சாயங்காலத்தை நகரத்திலேயே கழித்துவிட்டு, கடலுக்கு வேறொரு வார நாளை வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

சரி, எதில் போவது? என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயில். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும் கரையோரப் பாதை வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் காலியும் மாத்தறையும் வந்துவிட்டது. கோட்டையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் வலப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்று போகப் போக, சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கருங்கல் குவியல் மட்டும்தான். ஜன்னலில் உப்பு படியும். போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் உட்கார வேண்டும், இது ஒன்றை மறக்கக் கூடாது. நிலையப் பலகைகளில் தமிழும் இருக்கும், ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டே போகலாம்.

வார நாள் காலையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. நம் ஊரில் காலை எட்டு மணிக்குக் கடற்கரை நிலையத்தில் தாம்பரம் வண்டி ஏறுகிறவனுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும், எதிரே வருகிறவன்தான் நசுங்குவான். அங்கும் அதே கதை. ஊரே கொழும்புக்குள் வரும் நேரத்தில் நாம் வெளியே போகிறோம். டிக்கெட்டை அன்றன்றைக்குக் கவுண்டரில் வாங்கிக்கொள்ளலாம். ஐந்து பேருக்கும் சேர்த்துப் போக வர ஆகிற காசு, வேன் வாடகையில் ஒரு மூலைக்குக்கூட வராது.

வேனுக்கும் நியாயம் இருக்கிறது. முழங்கால் வலிக்காரிக்கு ரயில் படி உயரம். வேனில் பையை விட்டுவிட்டுப் போகலாம், ஈரத் துணியை விரித்துப் போடலாம். தெற்கு அதிவேகச் சாலை 2011இல் திறந்தபிறகு காலிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சாலை உள்நாட்டுக்குள் ரப்பர் தோட்டமும் வயலுமாகப் போகிறது. கடலைப் பார்க்கக் கிளம்பியவர்கள் கடலே தெரியாத சாலையில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய காலி வீதியில் போனால் கடல் தெரியும், கூடவே பஸ்களின் ஓட்டமும் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

இனி ஊர்கள். பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கல்கிசை, அதாவது மவுன்ட் லவினியா, கோட்டையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ரயிலில் அரை மணி. உட்காரும் நேரக் கணக்கில் இதை யாரும் அடிக்க முடியாது: பத்து மணி நேரம்கூட உட்காரலாம், சலிக்கும்வரை. மேட்டின் மேலே வெள்ளையாக நிற்கும் பழைய ஓட்டல் ஒரு காலத்தில் ஆங்கிலேய கவர்னர் தாமஸ் மெய்ட்லண்ட் கட்டிய வீடு. அவருக்கும் உள்ளூர் நடனக்காரி ஒருத்திக்கும் காதல், அவள் வந்து போக ஒரு சுரங்கம் என்று கதை சொல்வார்கள். வரலாறு கேட்பவளுக்கு அது போதும். கீழே மணலில் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு செவ்விளநீர் வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

குறை என்னவென்றால், அது கொழும்பின் பெசன்ட் நகர். நகரத்துக் கடல், நகரத்து அழுக்கு. அப்பா அம்மாவோடு வந்த குழந்தைகள், பட்டம், காதலர்கள், நாய்கள். தண்ணீர் பெந்தோட்டை மாதிரி தெளிவாக இருக்காது, இழுப்பும் உண்டு. கடலரிப்புத் தொல்லை வேறு. 2020இல் இங்கே கரைக்கு மணல் கொண்டுவந்து கொட்டினார்கள், அது தங்குமா தங்காதா என்று அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. துறைமுகம் கட்டியதால் மெரினா அகன்றதையும் ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சண்டை புதிதாகத் தோன்றாது. ஆனால் பகலுக்குத்தான் இந்தக் குறையெல்லாம். மாலை ஐந்தரைக்குப் பிறகு கல்கிசை வேறு ஊர். எதிரே தடையில்லாத மேற்கு. சூரியன் விழுந்த பிறகும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, அரை மணியில் அறைக்கு வந்துவிடலாம். அதனால் கல்கிசைக்கு ஒரு முழு நாளைக் கொடுக்க வேண்டாம், ஒரு சாயங்காலம் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி.

நீர்கொழும்பு வடக்கே, சுமார் 35 கிலோமீட்டர். கரையோர ரயிலின் சுகம் இந்தப் பக்கம் கிடையாது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதுதான் இதன் பெரிய பலம். களப்பும் கடலும் சேரும் இடம், மீன் சந்தை, ஓலைப் பாயில் காயும் கருவாடு, மாதா கோயில்கள். ஒரு பக்கம் மட்டும் மிதவை கட்டிய பாய்மரத் தோணிகள் காலையில் திரும்பி வருவதைப் பார்க்கலாம். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குள் போய் இந்த மாதிரித் தோணிகளுக்கும் பெயராகிவிட்டது, ஆனால் இது கட்டுமரம் இல்லை என்று எங்கள் காசிமேட்டு மீனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை சந்தை ஓய்ந்திருக்கும்.

குளிக்க இது தோதான கடல் இல்லை. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாக ஒதுங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. ஒரு நாளை இதற்கென்று ஒதுக்க மாட்டேன். ஆனால் ஒரு தந்திரம்: திரும்பும் விமானம் இரவில் என்றால், காலையிலேயே அறையைக் காலிசெய்து, பெட்டியோடு நீர்கொழும்பு வந்து, மதியம் நண்டுக் கறி சாப்பிட்டு, சூரியனை அனுப்பிவிட்டு விமான நிலையம் போகலாம். அந்த நாள் எப்படியும் வீணாகிற நாள்தானே.

இப்போது பெந்தோட்டை. நான் வாக்களித்தது இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் அதிகம் பேசுவேன்.

தெற்கே சுமார் 65 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வேக வண்டிகள் எல்லாம் நிற்பது அளுத்கமவில். அங்கே இறங்கி, ஆட்டோவில் பாலம் தாண்டினால் பெந்தோட்டை. அளுத்கம, பக்கத்து ஊரான பேருவளை இரண்டிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைய. ஆட்டோவுக்குப் பேரம் பேசத் தமிழே போதும் என்பது சென்னை ஆட்டோவில் பயிற்சி பெற்றவர்களுக்குப் பெரிய பலம்.

இந்த ஊரின் அமைப்புதான் இதன் விசேஷம். பெந்தர ஆறு கடலில் நேராகப் போய் விழாமல், கரைக்கு இணையாகக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அப்புறம் கலக்கிறது. அதனால் ஒரு மணல் திட்டு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. கடல் முரண்டு பிடிக்கும் நாளிலும் ஆறு அமைதியாக இருக்கும். வாழைப்பழப் படகு, ஜெட் ஸ்கீ எல்லாம் அந்த ஆற்றில்தான், லைஃப் ஜாக்கெட்டோடு. நீச்சல் தெரியாத நான்கு பேர் உள்ள கூட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நீச்சல்காரன் கடலுக்குப் போகலாம், பயந்தவர்கள் ஆற்றில் படகு ஏறலாம், முழங்கால் வலிக்காரி நிழலில் படுக்கலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து போகிற பயணத்தில் ஓய்வு கெடுவதே இந்தக் காத்திருப்பில்தான் என்று நினைக்கிறேன். ‘எல்லாரும் வாங்கடா’ என்று ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார்.

மணல் அகலம், தென்னை நிறைய, சனம் குறைவு. காரணம், கரையை ஒட்டிப் பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கின்றன. அதுவே குறையும்கூட: சின்னக் கடைகள் தேடிப் போக வேண்டும். அறை எடுக்காதவன் எங்கே துணி மாற்றுவது? இதற்கு வழி உண்டு. இலங்கையில் பல ஓட்டல்கள் ‘டே அவுட்டிங்’ என்று ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன: மதியச் சாப்பாடு, நீச்சல் குளம், குளியலறை எல்லாம் சேர்த்து. கேட்டதும் விலை அதிகமாகத் தெரியும். நம் ஒரு ரூபாய் அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள், சாப்பாட்டையும் கழித்துப் பாருங்கள். மூன்று பெண்களுக்குப் பூட்டக்கூடிய கதவுள்ள குளியலறை என்பதற்கு நான் தனி மதிப்புப் போடுகிறேன். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் 2021இல் சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கும் நீலக்கொடிச் சான்று கிடைத்தபோது எனக்குப் பெரிதாகத் தெரிந்ததும் தண்ணீரின் சுத்தம் இல்லை, துணி மாற்ற அறை கட்டியதுதான்.

வரலாறு கேட்பவளுக்கு? கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. 1948இல் இங்கே ஒரு பழைய தோட்டத்தை வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். லுணுகங்கை என்று பெயர், ஏரிக்கரையில், இப்போது பார்வையாளர்களை விடுகிறார்கள். பெந்தோட்டையில் 1960களின் கடைசியில் அவர் கட்டிய கடற்கரை ஓட்டல்தான் இந்த ஊரைச் சுற்றுலா வரைபடத்தில் ஏற்றியது. மதுரையில் ஆலை அதிகாரிகளுக்காக ஒரு கிளப்பையும் இவர்தான் வடிவமைத்தார், இன்று அது ஓட்டலாக இருக்கிறது. இதைக் குரூப்பில் போட்டதும் அவளுடைய ஓட்டு என் பக்கம் வந்துவிட்டது.

பக்கத்தில் கொஸ்கொடவில் ஆமைக் குஞ்சுப் பண்ணைகள் இருக்கின்றன. போன தடவை போனேன், இந்தத் தடவை போக மாட்டேன். சென்னையில் 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு இரவு நேரத்தில் கரையோரமாக நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, பொரித்த குஞ்சுகளை உடனே கடலில் விட்டுவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, சுற்றுலாக்காரர் கையில் வைத்துப் படம் எடுப்பதற்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் நாள்கணக்கில் வைத்திருப்பதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை. எல்லாப் பண்ணையும் அப்படி என்று சொல்லவில்லை. நான் பார்த்தது அப்படி. அதற்குப் பதில் பலப்பிட்டியில் மாதுகங்கையில் படகு போகலாம். அலையாத்திக் காடு, சின்னச் சின்னத் தீவுகள். பிச்சாவரம் போனவர்களுக்குப் பழகிய காட்சிதான். ஆனால் இதையும் சேர்த்தால் நான் சொன்ன ‘உட்காரும் நேரம்’ போய்விடும். படகும் கடலும் ஒரே நாளில் என்று ஆரம்பித்தால் மறுபடி வேன், மறுபடி செருப்பு.

கணக்கு: காலை ஏழுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் மணலில். மாலை ஆறு மணி தாண்டிச் சூரியன் விழும்வரை இருந்தால் எட்டரை மணி நேரம். சாப்பாடு, குளியல் போக ஆறு மணி நேரம் சுத்தமான சும்மா.

ஹிக்கடுவை இன்னும் தெற்கே, கொழும்பிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், ரயிலில் இரண்டு மணிக்கு மேல். இளசுகளின் ஊர். அலைச்சறுக்கு, இசை, இரவுக் கடைகள். கரைக்குப் பக்கத்திலேயே பவளப் பாறை, கண்ணாடி அடிப் படகு. பவளத்தின் பெரும்பகுதி 1998இல் கடல் சூடானபோது வெளுத்துப் போனது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் குறையும். பெரிய ஆமைகள் இடுப்பளவுத் தண்ணீருக்கே வரும். தொடாமல், பாசி ஊட்டாமல் பார்க்கிற ஆள் என்றால் அது அபூர்வமான காட்சிதான். நிலையத்திலிருந்து நடந்தே கடலுக்குப் போய்விடலாம் என்பதும் நல்லது. ஆனால் காலி வீதி கடற்கரையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, பஸ் ஹாரன் அலையோடு சேர்ந்தே கேட்கும். இருபத்தைந்து வயதில் போயிருந்தால் இதற்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன்.

ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரேலிய என்ற இடத்தை ரயில் கடக்கும். 2004 டிசம்பர் 26 அன்று இதே பாதையில் வந்த ரயில் சுனாமியில் சிக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அங்கேதான். அதே காலையில் மெரினாவில் நடந்ததை நினைவில் வைத்திருக்கிற வயதுக்காரர்கள் நாங்கள். போன தடவை வேன் ஓட்டுநர் நினைவுச் சின்னத்தைக் கை காட்டியபோது, அதுவரை பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் தானாகவே அணைத்தான்.

கடைசியாக, காலியும் உணவட்டுனவும். ஆசை காட்டுகிற ஊர்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து காலி சுமார் 115 கிலோமீட்டர், ரயிலில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அங்கிருந்து ஆட்டோவில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் உணவட்டுன. நீச்சல் தெரியாதவர்களுக்கு, நல்ல மாதத்தில், இந்த வரிசையிலேயே மென்மையான தண்ணீர் இங்கேதான். வளைகுடா, முன்னால் பாறைத் தடுப்பு, அதனால் அலை அடங்கி வரும். பக்கத்து ருமஸ்ஸல குன்று, அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிந்திய துண்டு என்று சொல்வார்கள்.

காலிக் கோட்டை போர்த்துக்கீசியர் தொடங்கி ஒல்லாந்தர் எழுப்பியது, 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில். மதில்மேல் நடந்தால் மூன்று பக்கம் கடல். இங்கே வரலாற்றுக்காரியைத் தடுத்து நிறுத்த என்னிடம் ஒரு ஆயுதம் இருந்தது. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டைப் பொறித்துக் கொண்டுவந்த கல்வெட்டு காலியில்தான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. புத்தர், அல்லாஹ் இருவரோடு தமிழ்ப் பகுதியில் தென்னாவரம் நாயனார் என்ற தெய்வத்தையும் வணங்குகிறது. அதைப் பார்க்கத்தான் காலி போக வேண்டும் என்றாள். கல் 1911இல் கிடைத்தது காலியில், இப்போது இருப்பது கொழும்பு அருங்காட்சியகத்தில் என்றேன். அறையிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

கணக்கைப் பாருங்கள். போக மூன்றரை, வர மூன்றரை என்றால் ஏழு மணி நேரம் பயணம். காலிக் கோட்டையைப் பார்க்க இரண்டு மணி. மிச்சம் ஐந்து. அதில் சாப்பாடு. சூரியன் விழும்வரை இருந்தால் திரும்புகிற வண்டி கிடைக்குமா என்ற கவலை மதியமே தொடங்கிவிடும். வண்டி கிடைத்தாலும் ஜன்னலுக்கு வெளியே இருட்டு, கடல் இருப்பதே தெரியாது. காலிக்கு ஒரு இரவு கொடுக்க முடிகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதையே எடுக்கலாம். ஒரு நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு அது சுற்றுலா, ஓய்வு இல்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, முட்டைகூடச் சாப்பிடாதவனுக்காக. இலங்கையில் காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் இருக்கலாம். அவர்களுக்கு அது மீன் கணக்கில் வராது, நமக்குப் பெருங்காயம் மாதிரி. ‘மாசி போடாமல்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். சுலபமான வழி, வெள்ளவத்தையில் சைவக் கடையில் காலையிலேயே ஒரு பார்சல் கட்டிக்கொள்வது. அந்த வட்டாரம் முழுக்கத் தமிழ்தான், யாழ்ப்பாணத் தமிழில் ‘என்ன வேணும்’ என்று கேட்பதைக் கேட்கவே போகலாம். கரையோர ரயில் பாதையிலேயே இருக்கிறது. வேக வண்டிகள் எல்லாம் அங்கே நிற்காது என்பதால் பார்சலை வாங்கிக்கொண்டு கொழும்புக் கோட்டை நிலையத்துக்குப் போய் ஏறுவதே உத்தமம்.

விமானம் யாழ்ப்பாணத்துக்கு என்றால் கதையே வேறு. சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் இருக்கிறது, காரைநகர் கசூரினா கடற்கரையில் வெகு தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. அது இன்னொரு பயணத்துக்கு.

ஓட்டெடுப்பில் பெந்தோட்டைக்கு மூன்று, உணவட்டுனவுக்கு இரண்டு. நீச்சல்காரன் இன்னும் முணுமுணுக்கிறான், அவனுக்காகக் கடைசி நாள் நீர்கொழும்பைச் சேர்த்தோம், அவன் கேட்டது அது இல்லை என்றாலும். வந்து இறங்குகிற முதல் சாயங்காலம் கல்கிசை. மூன்றாம் நாள், வியாழக்கிழமை, பெந்தோட்டை. அன்று காலை ஆறரைக்கு வெள்ளவத்தையில் போய்ப் பார்சல் வாங்குவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.